தேக்கு மரம் இழுத்த தடம்

சென்ற ஆவணி விடுமுறையில் வில்கமுவைக்குப் போயிருந்தோம். மாத்தளையிலிருந்து இறத்தோட்டை மார்க்கமாக மலையேறி, றிவஸ்டன் கணவாயைக் கடந்து, பல்லேகம வழியாகக் கிழக்கே இறங்கும் பாதை அது. பஸ் வண்டி கணவாய்க்குச் சற்று முன்னரே பழுதுபட்டு நின்றுவிட்டபடியால், எஞ்சிய தூரத்தை முச்சக்கர வண்டியொன்றிற் கடக்க நேர்ந்தது. உச்சியைத் தாண்டியதும் சாரதி இயந்திரத்தை நிறுத்திவிட்டார். வண்டி தன் பாரத்தாலேயே உருண்டு இறங்கத் தொடங்கியது. பதறிப்போய்க் காரணம் வினவினோம். “2022இல் பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் கிடந்தபோது பழகியது, சேர். இறக்கத்துக்கு எண்ணெய் எதற்கு?” என்று சிரித்தார்.

இயந்திரத்தின் இரைச்சல் அடங்கியதும் காற்றின் ஓசை மட்டுமே காதில் நிறைந்தது. கீழே காடும், காட்டின் நடுவே வெட்டி எடுத்த வயல்வெளிகளும் வெயிலில் விரிந்து கிடந்தன. அவ்வளவு உயரத்திலிருந்து பார்க்கையில் எல்லாம் மேடு பள்ளமின்றிப் பாய் விரித்தாற்போல மட்டமாகவே தெரிந்தன. எங்கே வேண்டுமானாலும் கால் வைக்கலாம் போலிருந்தது. அப்பொழுதுதான், எமது வகுப்பில் ஒரு மாணவி கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது.

இரண்டாம் உலக மகாயுத்தத்தைப் பற்றிய பாடம் அன்று. பாடப்புத்தகத்தில் இல்லாத ஒன்றையும் சொல்லிவைப்போமே என்ற ஆசிரிய சபலத்தால், இயந்திரமே இல்லாத விமானங்களிற் படையினரை ஏற்றிச் சென்று எதிரியின் முதுகுப்புறத்தில் இறக்கிய கதையைக் கூறினோம். கிளைடர் என்பது அதன் பெயர். இன்னொரு விமானம் அதனை வடத்திற் கட்டி இழுத்துச் செல்லும்; குறித்த இடத்துக்குக் கிட்ட வந்ததும் வடத்தைக் கழற்றிவிட்டுக் காற்றிற் சறுக்கிக்கொண்டு இறங்கவேண்டும். பையன்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். அந்தப் பெண் மட்டும் எழுந்து, “இயந்திரம் இல்லையென்றால் அதை ஓட்டிப் போனவர் எப்படித் திரும்பி வருவார், சேர்?” என்றாள். எமக்குப் பதில் தெரியவில்லை. மணியடித்தது எமது அதிர்ஷ்டம்.

பிறகு தேடிப் படித்தோம். அவள் கேட்ட கேள்வியை அந்தத் திட்டங்களை வகுத்தவர்களில் பலர் கேட்கவே இல்லை என்பதைத்தான் முதலிற் கண்டோம்.

இந்தக் கருவியின் பிறப்பே ஒரு முரண். முதலாம் மகாயுத்தத்தின் பின் வெர்சேல்ஸ் உடன்படிக்கை ஜெர்மனிக்குப் போர் விமானங்களைத் தடைசெய்தது. இளைஞர்கள் மலைச்சரிவுகளில் இயந்திரமில்லா விமானம் ஓட்டி விளையாடினார்கள். விளையாட்டை எந்த உடன்படிக்கை தடுக்கும்? அந்த விளையாட்டின் பலனை 1940 மே 10ஆந் திகதி பெல்ஜியம் கண்டது. எபன் எமேல் என்ற பெருங்கோட்டையின் கூரைமேலேயே சுமார் எண்பது ஜெர்மன் படையினர் ஓசையின்றிக் கிளைடர்களில் வந்திறங்கி அதனைச் செயலிழக்கச் செய்தனர். அதன் பின் எல்லா வல்லரசுகளும் அதைப் பின்பற்றத் துடித்தன. சோவியத் நாடு 1943இல் பெலோருசியக் காடுகளில் நாஜிகளுடன் பொருதிய கெரில்லாக்களுக்கு இதே வழியில் ஆளும் ஆயுதமும் அனுப்பியது. பிரிட்டன் 1942இற் கிளைடர் விமானிகளுக்கெனத் தனிப் படைப்பிரிவொன்றை அமைத்தது. இறங்கியதும் துப்பாக்கி தூக்கிக் காலாட்படையோடு சேர்ந்து போரிடவும் அவ்விமானிகள் பயிற்றப்பட்டனர். அமெரிக்காவிலோ இறங்கிய விமானிக்கு என்ன வேலை என்பதைத் தீர்மானிக்கவே ஒருவருக்கும் பொழுது கிடைக்கவில்லை. எப்படியாவது திரும்பி வந்து சேர் என்பதே அவனுக்குக் கிடைத்த கட்டளை.

அமெரிக்கா செய்த வாக்கோ கிளைடரின் உடம்பு எஃகுக் குழாய்ச் சட்டகம், அதன்மேற் போர்த்தியது சாயம் பூசிய துணி, தளம் ஒட்டுப்பலகை. எண்பத்துமூன்றடி அகலச் சிறகு. விமானிகளோடு சேர்த்துப் பதினைந்து பேர் வரை அதில் அடங்குவர்; இல்லையெனில் ஒரு ஜீப் வண்டி. ஏறத்தாழ 13,900 கிளைடர்கள் இவ்வகையிற் செய்யப்பட்டன. மோட்டார்க் கம்பனிகளும், தளபாடம் செய்வோரும், பியானோ செய்வோருங்கூட இவ்வேலையிற் பங்குகொண்டனர். 1943 ஆகஸ்ட் 1ஆந் திகதி சென் லூயி நகரில், ஊரிற் செய்த கிளைடரை ஊராருக்குக் காட்டும் விழா நடந்தது. நகர மேயரும் மற்றும் ஒன்பது பேரும் அதில் ஏறினர். ஆயிரக்கணக்கானோர் அண்ணாந்து பார்த்திருக்க, சிறகு கழன்று கிளைடர் தரையில் மோதியது. பத்துப் பேரும் மாண்டனர். சிறகைத் தாங்கும் உலோகத் துண்டொன்று தேவையான தடிப்பில் இல்லை. அதனைச் செய்த துணை ஒப்பந்தக்காரர் முன்னர் சவப்பெட்டிச் சாமான் செய்தவராம். கதாசிரியன் எவனாவது இப்படி எழுதியிருந்தால் மிகைப்படுத்துகிறான் என்று நாமே கண்டித்திருப்போம்.

பரசூட்டிற் குதிக்கும் அமெரிக்கப் படையினனுக்கு ஆபத்துப்படி உண்டு. கிளைடரில் ஏறும் படையினனுக்கோ 1944 ஜூலை வரையில் அது கிடையாது, பரசூட்டும் கிடையாது. முன்னால் இருவர் ஓட்டுவார்கள். இரவில் அவர்களுக்குத் தெரிவதெல்லாம் இழுத்துச் செல்லும் விமானத்தின் புகைவாயில் எரியும் நீலச் சுடர் மட்டும். அந்த விமானம் கிளப்பும் காற்றுச் சுழலுக்குள் அகப்படாமல் சற்று மேலேயோ கீழேயோ நின்றபடி, மணிக்கணக்கில் இரு கைகளாலும் சுக்கானைப் பிடித்துப் போராடவேண்டும். வடத்தைக் கழற்றிய பிறகு பிழையைத் திருத்த இடமில்லை. இயந்திர விமானம் இறங்குமிடம் சரியில்லையென்றால் மேலெழுந்து மறுபடி சுற்றி வரலாம். கிளைடருக்கு இறக்கம் ஒருமுறைதான்.

வடத்தின் மறுமுனையில் இருப்பவன் நிதானம் இழந்தால்? 1943 ஜூலை 9ஆந் திகதி இரவு சிசிலித் தீவை நோக்கி 144 கிளைடர்கள் சென்றன. எதிர்க்காற்று, கரையிலிருந்து பீரங்கிச் சூடு, அனுபவமற்ற இழுவை விமானிகள். பல கிளைடர்கள் கரைக்கு வெகுதூரத்திலேயே விடப்பட்டன. பாதிக்குக் கிட்டக் கடலில் விழுந்தன. இருநூற்றுக்கு மேற்பட்டோர் மூழ்கி மாண்டனர்.

இவையெல்லாம் ஐரோப்பாவின் கதை என்று ஒதுக்கிவிட முடியாதபடி எம்மைக் கட்டிப்போட்டது பர்மாவின் கதை. அதைச் சொல்லுமுன் வில்கமுவைக்கு வந்து சேர்ந்துவிடுகிறோம்.

ஆசிரியர் சங்கத்தில் எம்மோடு நெடுங்காலம் உழைத்த சிங்களத் தோழர் ஒருவரின் சொந்த ஊர் அது. அவருடைய தமையனார் இராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று இப்பொழுது வயல் செய்கிறார். வயலுக்கு அப்பால் மின்வேலி. வேலிக்கு அப்பால் வஸ்கமுவ வனம். 1984இல் அது தேசிய வனமாக்கப்பட்டது. கதிர் முற்றும் காலத்தில் யானைகள் மின்வேலியைப் பெரிதாக மதிப்பதில்லை. ஆகவே இரவு முழுவதும் மரத்தின்மேற் கட்டிய பரணில் காவலிருக்கவேண்டும். நாமும் ஏறி அமர்ந்தோம். அவர் எந்தப் போர்முனைகளில் நின்றார் என்று நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பிளேன்ரீயும் ஒரு துண்டு கருப்பட்டியும் தந்தார்.

நிலவு எழுந்தபோது வயலின் தலைமாட்டில் வரிசையாக ஏதோ கிடப்பது தெரிந்தது. பாம்புகளின் கூட்டம்போற் கறுத்து நீண்டு கிடந்தன. என்னவென்று கேட்டோம். வளவில் நின்ற தேக்குகளை அனுமதி பெற்று வெட்டியதாகவும், காய்வதற்காகப் பரப்பி வைத்திருப்பதாகவும் சொன்னார். பின், “இறங்கி நடக்கும்போது அந்தப் பக்கம் கவனம், சேர். உழவு இயந்திரத்திற் கட்டி இழுத்த தடம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. புல் மூடிவிட்டது, பகலிலும் தெரியாது. நேற்று என் கால் மடங்கிவிட்டது” என்றார்.

எமக்கு உடல் சிலிர்த்தது. எண்பது வருடங்களுக்கு முன் நடந்த பர்மாக் கதையின் இரு பாதிகளும் எம் காலடியில் இருந்தன.

1944 மார்ச் 5ஆந் திகதி மாலை. அசாமின் கச்சார்ப் பகுதியில் லாலாகாட் விமானத்தளம். அதைச் சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். சிந்திட்டுகள் எனப்பட்ட விங்கேற்றின் படையினரை வட பர்மாவில் ஜப்பானியப் போர்முனைக்கு நூறு மைலுக்கும் பின்னாலுள்ள இரண்டு காட்டு வெளிகளிற் கிளைடர்களால் இறக்குவதாகத் திட்டம். அந்த வெளிகளுக்கு இலண்டன், நியூயோர்க் வீதிகளின் பெயர்களை வைத்திருந்தார்கள்: ஒன்று பிக்கடிலி, மற்றது பிராட்வே. அங்கே வாழ்ந்த மக்கள் அவ்வெளிகளுக்கு இட்ட பெயரை யார் கேட்டார்கள்? புறப்படுவதற்குச் சிறிது நேரமே இருக்கையில், அன்று பிற்பகல் எடுத்த புகைப்படங்கள் வந்தன. பிக்கடிலி முழுவதும் குறுக்கும் நெடுக்குமாக மரங்கள் கிடந்தன.

சேனாதிபதிகள் திகைத்தனர். எதிரிக்குத் தெரிந்துவிட்டது, யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள், மற்ற வெளியிலும் பதுங்கியிருப்பார்கள் என்றெல்லாம் விவாதம். முந்தைய வருடம் பிக்கடிலியில் ஒரு டகோட்டா விமானம் இறங்கிக் காயம்பட்டோரை ஏற்றிச் சென்றதும், அதன் படம் அமெரிக்கச் சஞ்சிகையொன்றில் வெளிவந்ததும் அச்சத்தை வளர்த்தன. இறுதியில் ஜெனரல் ஸ்லிம் துணிந்தார். எல்லாக் கிளைடர்களும் பிராட்வேக்கே செல்வதென முடிவாயிற்று.

உண்மை பின்னாளில்தான் வெளிவந்தது. அந்த மரங்களை எதிரி போடவில்லை. பர்மிய மரந்தறிக்கும் தொழிலாளர்கள் வெட்டிய தேக்கைக் காயப் போட்டிருந்தார்கள். அவ்வளவுதான். ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தில் மனித உழைப்பின் அடையாளம் தெரிந்தது. பார்த்தவர்களோ அதில் எதிரியின் சூழ்ச்சியை மட்டுமே கண்டார்கள். காட்டுக்குள்ளும் வேலை நடக்கும், யுத்தம் நடந்தாலும் கூலிக்கு மரம் வெட்டுகிறவன் வெட்டிக்கொண்டுதான் இருப்பான் என்பது அந்த நேரத்தில் அவர்கள் மனதில் எழவில்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. பிராட்வேயின் படம் மாசு மறுவற்றதாய், மட்டமான புல்வெளியாய்த் தெரிந்தது. அதை நம்பித்தான் விமானிகள் இருட்டிற் புறப்பட்டார்கள். ஒவ்வொரு டகோட்டாவுக்கும் பின்னால் இரண்டு கிளைடர்கள். படையினர் அஞ்சியஞ்சி அளவுக்கு மிஞ்சிய ரவையும் உணவும் ஒளித்து ஏற்றியிருந்தனர். மலைத்தொடருக்கு மேலே ஏறும்போது பாரம் தாங்காமல் வடங்கள் அறுந்தன. சில கிளைடர்கள் அசாமிலேயே விழுந்தன. சில எதிரியின் பாசறைகளுக்கு அருகில் விழுந்தன. அறுபதுக்கு மேற்பட்டவை புறப்பட்டு, பிராட்வேயில் இறங்கியவை நாற்பதுக்குங் குறைவு.

அங்கே புல்லுக்கு அடியிற் காத்திருந்தன தடங்கள். யானைகளைக் கொண்டு தேக்கு மரங்களை இழுத்ததால் ஏற்பட்ட ஆழமான பள்ளங்கள் அவை. படத்தில் அவை தெரியவில்லை. முதலில் இறங்கிய கிளைடர்களின் சக்கரங்கள் அவற்றிற் சிக்கிப் பிடுங்கப்பட்டன. உடைந்த கிளைடர்களை இழுத்து ஒதுக்குமுன் அடுத்தவை வந்து அவற்றின்மேல் மோதின. மேலே இருப்பவனைத் தடுத்து நிறுத்த வழியில்லை. அவனிடம் இயந்திரம் இல்லையே! அன்றிரவு சுமார் முப்பது பேர் இறந்தனர். ஏறக்குறைய அவ்வளவு பேர் காயமடைந்தனர். விமானத்தளம் அமைக்க வந்த பொறியியற் பிரிவின் கப்டனும் மாண்டவர்களில் ஒருவர். தோல்வியைக் குறிக்க அவர்கள் வைத்திருந்த சங்கேதச் சொல் ‘சோயா லிங்க்’. படையினர் வெறுத்து ஒதுக்கிய ஒரு போலிச் சொசேஜின் பெயர் அது. அந்தச் சொல் நடு இரவுக்குப் பின் லாலாகாட்டை எட்டியது. காலையிலோ நிலைமை சற்றுத் தெளிந்து, வெற்றியைக் குறிக்கும் ‘பன்றி இறைச்சிச் சொசேஜ்’ என்ற சொல் வந்தது. எஞ்சியிருந்த ஒரு லெப்டினன்ட் புல்டோசரைக் கொண்டு பள்ளங்களை நிரவினார். மறுநாள் இரவு டகோட்டாக்கள் இறங்கின. சுமார் ஒரு வாரத்துக்குள் ஏறத்தாழ 9,000 பேரும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கோவேறு கழுதைகளும் காட்டுக்குள் வந்து சேர்ந்தனர்.

அன்றிரவு பிராட்வேயில் இறங்கிய விமானிகளில் ஒருவரை வாசகர்கள் முன்னரே அறிவார்கள். சாப்ளினின் ‘தி கிட்’ படத்தில், 1921இல், அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுத சிறுவன் நினைவிருக்கிறதல்லவா? ஜாக்கி கூகன். இளமையில் இலட்சக்கணக்கான டாலர் சம்பாதித்து, வளர்ந்த பின் தாயும் மாற்றாந்தந்தையும் அதைச் செலவழித்துவிட்டதைக் கண்டு வழக்காடியவர். குழந்தை நடிகரின் உழைப்பைக் காக்கும் கலிபோர்னியாச் சட்டம் 1939இல் அதனாற்றான் பிறந்தது. அந்தச் சிறுவன் வளர்ந்து, பதினைந்து பேர் ஏறும் துணிக்கூட்டை இருட்டில் ஓட்டிக்கொண்டு பர்மாக் காட்டில் இறங்கினான். சாப்ளினே படமாக்கியிருக்க வேண்டிய காட்சி.

இந்த விமானிகளின் துணிவை நாம் குறைத்துப் பேசவில்லை. பாசிசம் முறியடிக்கப்பட வேண்டியிருந்தது. முறியடித்தோரில் இவர்களும் இருந்தனர். ஆனால் எமது குடும்பத்துக்கு அந்த மலைத்தொடரோடு வேறொரு தொடர்பும் உண்டு. இராமநாதபுரத்திலிருந்து எமது பாட்டனார் மாத்தளைத் தோட்டத்துக்கு வந்தபோது, அவருடைய தமையன் பர்மாவுக்குப் போனார். இரங்கூனில் மரக்கிடங்கொன்றிற் கூலி. தேக்குத்தான் சுமந்தார். 1942இல் ஜப்பானியர் வந்தபோது, இலட்சக்கணக்கான இந்தியரோடு அவரும் நடந்தார். மணிப்பூர் மலைகளில் வெள்ளையருக்கு ஒரு வழி, கறுத்தவருக்கு ஒரு வழி என்று நடந்து வந்தவர்கள் குமுறினார்கள். பாட்டனாரின் தமையன் வந்து சேரவில்லை. அவருடன் நடந்த ஒருவர் ஊருக்கு எழுதிய கடிதத்தில், தாமு என்னும் ஊர்வரை ஒன்றாக வந்ததாக ஒரு வரி இருந்தது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. இரண்டு வருடங்களுக்குப் பின் கிளைடர்கள் அந்த மலைத்தொடர்களுக்கு மேலேதான் பறந்தன. கீழே பாதை அகலப்படுத்த அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளரை முதலாளிகளின் சங்கம் ஆயிரக்கணக்கில் அனுப்பியிருந்தது. விமானியின் பெயரைத் தேடினால் எங்கோ ஒரு பட்டியலிற் கிடைக்கும். தேக்கு வெட்டியவன், பாதை போட்டவன், நடந்து செத்தவன் பெயரை எங்கே தேடுவது?

அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். பிராட்வேயில் உயிர் தப்பிய விமானிகள், பள்ளம் நிரவிய பின் வந்திறங்கிய டகோட்டாக்களில் ஏறித் திரும்பினர். வழியில் விழுந்தவர்களிற் சிலர் காடு கடந்து நடந்தனர். அதே வருடம் செப்டெம்பரில் ஆர்ன்ஹெம் போரில் பிரிட்டிஷ் கிளைடர் விமானிகள் இருநூற்றுக்கு மேற்பட்டோர் மடிந்தார்கள். அடுத்த வசந்தத்தில் றைன் நதியைக் கடக்கும்போது போதிய விமானிகள் இல்லை. விமானமின்றிக் காத்திருந்த விமானப்படை இளைஞர்களைப் பிடித்துக் கிளைடரில் அமர்த்தினார்கள். பீகாரில் பிக்ரமிலும் பஞ்சாபில் பத்தேஜங்கிலும் ஆறு கிளைடர்ப் பிரிவுகள் பயிற்சி பெற்றன. அக்காலத்தில் மவுண்ட்பேட்டனின் தலைமையகம் பேராதனைப் பூந்தோட்டத்தில், மகாவலி வளைந்தோடும் கரையில் இருந்தது. மலாயாவை மீட்கும் திட்டங்கள் அங்கே தீட்டப்பட்டன. 1945 ஆகஸ்டில் யுத்தம் முடிந்தது. அந்தப் பிரிவுகள் பெருந்தாக்குதல் எதிலும் இறங்காமலே கலைந்தன. அதே மகாவலிதான் வஸ்கமுவ வனத்தின் கிழக்கெல்லையாக, எமது பரணுக்குச் சில மைல் அப்பால் ஓடிக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் எமக்குத் தெரிந்த சிங்களத்தில் அவருக்குச் சொன்னோம். இடையிற் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், “அந்தப் பிள்ளை சரியாகத்தான் கேட்டிருக்கிறாள், சேர்” என்றார். சிறிது நேரங்கழித்துத் தம் மகனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அவனும் இராணுவத்தில் இருந்தவன். விலகி வந்தபின் கடன். ரஷ்யாவில் முகாமொன்றிற் சமையல் வேலை என்று ஒரு முகவர் சொன்னாராம். மாடு இரண்டையும் விற்றுப் பணம் கட்டினார்கள். போய்ச் சேர்ந்தபின் கையில் துப்பாக்கியைக் கொடுத்து முன்னணிக்கு அனுப்பிவிட்டார்கள். ரஷ்யப் படையிற் சேர்க்கப்பட்ட இலங்கையர் 554 பேர் என்றும், அவர்களில் 59 பேர் இறந்ததாகவும் 2025இல் வெளிநாட்டமைச்சர் பாராளுமன்றத்திற் கூறினார். அந்தப் பட்டியலில் மகன் பெயர் இல்லை என்று இவர் கொழும்பு வரை போய் விசாரித்து வந்திருக்கிறார். பட்டியலில் இல்லாதது நல்லதா கெட்டதா என்று எம்மைக் கேட்டார். இம்முறையும் எமக்குப் பதில் தெரியவில்லை. மணியடிக்கவும் யாருமில்லை.

பின்னிரவில் யானை வந்தது. ஓசையே இல்லை. இவ்வளவு பெரிய உடம்பு எப்படி இவ்வளவு அமைதியாக வருகிறதோ! அவர் யானை வெடியைக் கொளுத்தி எறிந்தார். காடு அதிர்ந்தது. நிழல் திரும்பி, கிடந்த தேக்குகளை ஒவ்வொன்றாகக் காலால் தடவிப் பார்த்துத் தாண்டிப் போயிற்று. அதற்குத் தடம் எங்கே இருக்கிறதென்று தெரிந்திருந்தது.

விடிந்ததும் இறங்கினோம். அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, புல் மூடிய பள்ளத்தை நிரவப் போனார். நாமும் மண்ணள்ளிக் கொடுத்தோம். வயலிலேயே அந்தத் தேக்குகள் கிடக்கும் மூலையில் மட்டுந்தான் தொலைபேசிக்கு அலை கிடைக்கும். ஒரு மரத்தின்மேல் தொலைபேசியைச் சாய்த்து வைத்திருந்தார். ஒவ்வொரு நாட்காலையும் மகனுக்கு ஒரு வரி அனுப்புவாராம். அன்றைய வரியை எமக்குக் காட்டினார்: நெல் அடுத்த கிழமை வெட்டுகிறோம். அதன் பக்கத்தில் ஒற்றைக் குறி மட்டும் நின்றது. அதற்கு மேலிருந்த வரிகளுக்கும் அப்படியே. திரையைத் துடைத்து மறுபடி மரத்தின்மேல் வைத்துவிட்டு, மண்வெட்டியைக் கையில் எடுத்தார்.